அந்தரத்தில் நிற்கும் சில நிமிடங்கள்

ஹெலிகாப்டர் என்றால் எல்லோரும் வேகம் எவ்வளவு, எத்தனை பேர் ஏறலாம் என்றுதான் கேட்பார்கள். எனக்கு அது பறப்பதைவிட நிற்பதுதான் ஆச்சரியம். போர்க்களத்தில் விழுந்த விமானியைத் தூக்கப் போகும் ஹெலிகாப்டரைப் பற்றிப் பல வருடமாக, கிடைப்பதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க ஒன்று மட்டும் உறுதியாகத் தோன்றுகிறது. இந்த எந்திரம் எண்பது வருடமாக வளர்ந்ததெல்லாம், எல்லோரும் சுடுகிற ஓர் இடத்துக்கு மேல் அசையாமல் நிற்க வேண்டிய அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான். போய்ச் சேர எரிபொருள், நிற்க எஞ்சின் பலம், நிற்கும்போது குண்டு தாங்கத் தகடு, நிற்கும் நேரத்தைக் குறைக்க, ஆளைக் கயிற்றில் தூக்கும் வின்ச், நிற்பதே தெரியாமல் இருக்க இருட்டு. இவை ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஒவ்வொன்றும் வருவதற்கு முன்னால், அது இல்லாமல் போய் மாட்டிக்கொண்ட ஒருவர் இருக்கிறார்.

முதல் கதை நமக்குப் பக்கத்தில்தான் தொடங்குகிறது. அசாமில் லாலாகாட் என்று ஓர் ஊர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் முதலாம் ஏர் கமாண்டோ குழு அங்கே தளம் போட்டிருந்தது. பர்மாவுக்குள் ஜப்பானியப் படைகளுக்குப் பின்னால் இறங்கிச் சண்டை போட்ட, பிரிட்டிஷ் தளபதி விங்கேட்டின் சிண்டிட் வீரர்களுக்கு ஆகாயத்திலிருந்து உதவுவது அவர்கள் வேலை. அவர்களிடம் சிக்கோர்ஸ்கியின் ஓய்ஆர்-4பி ஹெலிகாப்டர்கள் சில இருந்தன. இரும்புக் குழாயில் கட்டிய உடம்பு, மேலே துணி. சுழலும் விசிறிக்குக்கூட மேலே துணிதான். எஞ்சின் இருநூறு குதிரைத்திறனைத் தாண்டாது. இருக்கை இரண்டு, ஓட்டுபவர் போக இன்னொருவர் உட்காரலாம், அவ்வளவுதான்.

1944 ஏப்ரல் 21. காயம்பட்ட மூன்று பிரிட்டிஷ் வீரர்களை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு சின்ன விமானம் எதிரிப் பகுதிக்குள் விழுந்தது. அதன் விமானி எட் ஹ்லாடோவ்சாக். நான்கு பேரும் உயிரோடு இருந்தார்கள், ஆனால் வேறு விமானம் இறங்க அங்கே இடமில்லை. லாலாகாட்டிலிருந்து லெப்டினன்ட் கார்ட்டர் ஹார்மன் கிளம்பினார். கூடுதல் எரிபொருளையும் சுமந்துகொண்டு, அந்த நோஞ்சான் எஞ்சினோடு மலைகளைத் தாண்டி, இடையிடையே இறங்கி எரிபொருள் நிரப்பித்தான் அவர் பர்மாவுக்குள் போய்ச் சேர்ந்தார்.

ஏப்ரல் மாத பர்மா எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்லவே வேண்டாம். வெயில் ஏற ஏறக் காற்று இலேசாகும், புழுக்கம் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் இலேசாகும், விசிறிக்குப் பிடிமானம் குறையும், எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். முன்னால் நகர்ந்துகொண்டிருந்தால் ஹெலிகாப்டர் ஓரளவு சமாளித்துவிடும். ஒரே இடத்தில் நிற்பதற்குத்தான் ஏகப்பட்ட சக்தி வேண்டும். ஹார்மனால் ஒரு தடவைக்கு ஒருவரைத்தான் தூக்க முடிந்தது. ஆற்றங்கரையில் ஒரு மணல் திட்டு வரை கொண்டுவந்து விடுவார், அங்கிருந்து சின்ன விமானம் அவரை எடுத்துப் போகும். ஏப்ரல் 25-ஆம் தேதி இரண்டு பேரை இப்படிக் கொண்டுவந்ததும் எஞ்சின் சூடேறி நின்றுவிட்டது. ராத்திரி முழுக்க மணல் திட்டிலேயே கிடந்துவிட்டு, மறுநாள் மீதி இரண்டு பேரையும் தூக்கி வந்தார். கடைசியாக வந்தவர் ஹ்லாடோவ்சாக். போரில் ஹெலிகாப்டரால் நடந்த முதல் மீட்பு என்று வரலாறு இதைத்தான் குறிக்கிறது. ஹார்மன் பிற்பாடு பத்திரிகையில் இசை விமர்சகராக வேலை பார்த்தார். எஞ்சின் சத்தம் மாறுவதை அந்தக் காது எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

சரி, அடுத்தது கொரியப் போர். அதற்குள் எஞ்சின் பலம் கொஞ்சம் கூடியிருந்தது, ஆளைத் தூக்க வின்ச் வந்திருந்தது. ஆனால் கவசம் கிடையாது, துப்பாக்கி கிடையாது. 1951 ஜூலை 3 மாலை, வட கொரியாவின் வொன்சான் பக்கம் ஜேம்ஸ் வில்கின்ஸ் என்ற அமெரிக்க மரீன் படை விமானியின் விமானம் சுடப்பட்டு விழுந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, மேகம் தாழ இறங்கியிருந்தது, துணைக்கு வந்த போர் விமானங்களுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. கடற்படை லெப்டினன்ட் ஜான் கெல்ஷ் அந்த மேகத்துக்குக் கீழே தன் ஹெலிகாப்டரை இறக்கினார். ஒரு தடவை சூடு பட்டும் திரும்பவில்லை. தேடிக் கண்டுபிடித்து, வில்கின்ஸுக்கு மேலே நிறுத்தி, கூட வந்த ஜார்ஜ் நீல் கயிற்றை இறக்கிக்கொண்டிருந்தபோதுதான், அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான், ஹெலிகாப்டரை அடித்து வீழ்த்தினார்கள். மூன்று பேரும் பிழைத்து மலையில் ஒன்பது நாள் ஒளிந்து திரிந்து, கடைசியில் பிடிபட்டார்கள். சிறையில் தனக்குக் கிடைத்த கொஞ்சச் சாப்பாட்டையும் பங்கு போட்டுக் கொடுத்த கெல்ஷ், அதே வருடம் அக்டோபரில் அங்கேயே இறந்தார். அமெரிக்காவின் உயரிய வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் பெற்ற முதல் ஹெலிகாப்டர் விமானி அவர். வில்கின்ஸ் உயிரோடு ஊர் திரும்பினார். கெல்ஷ் வெறுமனே ஓட்டுபவர் மட்டுமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் விழுந்தவர்களைத் தூக்க மிதக்கும் பட்டை ஒன்றை வடிவமைத்ததில் அவருக்கும் பங்கு உண்டு.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் நாங்கள் மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தபோது, இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு மாடிக்கு மேலே ஹெலிகாப்டர் வந்து நின்றது. அந்தக் காற்றை அதுவரை நான் கற்பனைகூடச் செய்ததில்லை. பிளாஸ்டிக் நாற்காலி பறந்தது, சின்டெக்ஸ் தொட்டி மூடி பறந்தது, மழைத் தண்ணீர் ஊசி ஊசியாக முகத்தில் குத்தியது. வயர் மெதுவாக இறங்கி, காற்றில் ஆடி, ஒருவர் அதைப் பிடித்து, பட்டையை மாட்டி, மேலே ஏறி உள்ளே போகும்வரை அது அங்கேயே நின்றது. எவ்வளவு நேரம் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை, ஆனால் முடியவே முடியாது போலிருந்தது. யாரும் சுடாத ஊரிலேயே அப்படி. அன்றிலிருந்து கொரியா, வியட்நாம் கதைகளைப் படிக்கும்போதெல்லாம் அந்த இரைச்சலும் என் காதில் கேட்கும்.

வியட்நாமுக்கு அமெரிக்க விமானப்படை முதலில் கொண்டுபோனது எச்எச்-43 ஹஸ்கி. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு விசிறி, ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று புகுந்து சுற்றும். விமானத் தளத்தில் தீப்பிடித்தால் அணைக்கவும், ஓடுபாதைப் பக்கம் விழுந்தவர்களைத் தூக்கவும் செய்த வண்டி அது. அதை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். தூரம் போதவில்லை என்று காபினுக்குள்ளேயே எரிபொருள் பீப்பாய்களைக் கட்டி ஏற்றிக்கொண்டு போன குழுக்கள் உண்டு. சுடுகிற இடத்துக்கு எரிபொருள் பீப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து போவது என்றால், அந்த ஆட்களைப் பற்றி வேறென்ன சொல்ல.

ஹஸ்கியிலிருந்துதான் வில்லியம் பிட்சன்பார்கர் இறங்கினார். வயது 21. பாராரெஸ்க்யூ பிரிவு, அதாவது கயிற்றில் கீழே இறங்கிக் காயம்பட்டவருக்கு முதலுதவி செய்து மேலே அனுப்புபவர். 1966 ஏப்ரல் 11, சைகோனுக்குக் கிழக்கே காம் மை என்ற இடத்தில் ஒரு தரைப்படைக் கம்பெனி வளைக்கப்பட்டிருந்தது. மரங்கள் அவ்வளவு உயரம், இறங்க இடமே கிடையாது. கீழே இருந்தவர்களுக்குக் காயம்பட்டவர்களைத் தூக்குப் படுக்கையில் சரியாகக் கட்டத் தெரியவில்லை, ஹெலிகாப்டர் மேலே நின்றுகொண்டே இருக்க வேண்டியிருந்தது. நான் இறங்குகிறேன் என்று இவர் தானாகவே முன்வந்தார். இறங்கியதும் வேலை வேகமாக நடந்தது, ஒன்பது பேர் மேலே போனார்கள். அப்புறம் ஹெலிகாப்டர் மேல் குண்டு பாய்ந்தது. இவர் மேலே ஏறிவிட்டிருக்கலாம். போங்கள் என்று கை காட்டிவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். குண்டடி பட்டவர்களுக்குக் கட்டுப் போட்டு, செத்தவர்களிடமிருந்து தோட்டா சேகரித்து உயிரோடு இருந்தவர்களுக்குக் கொடுத்து, அன்று இரவு அவரும் கொல்லப்பட்டார். மெடல் ஆஃப் ஆனர் 2000 டிசம்பரில்தான் கொடுத்தார்கள். அவருடைய அப்பாதான் வாங்கிக்கொண்டார்.

கயிறு இறங்கி ஏறும் நேரத்தைக் குறைக்க ஒரு கருவி இருந்தது, ஜங்கிள் பெனட்ரேட்டர். எனக்கு இதன் மேல் தனிப் பிரியம் உண்டு, அவ்வளவு எளிமையான பொருள். பார்க்க ஒரு கனத்த உலோக உலக்கை மாதிரி இருக்கும், கீழ்முனை கூர்மையாக. அந்தக் கனத்தாலும் கூர்மையாலும் இலை, கிளை, கொடி எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டு நேராகக் கீழே இறங்கும். மூன்று சின்ன இருக்கைகள் அதன் உடம்போடு ஒட்டி மடங்கியிருக்கும், கீழே வந்ததும் இழுத்து விரித்து, காலை இரண்டு பக்கமும் போட்டு, மரத்தைக் கட்டிப்பிடிப்பது போல உட்கார்ந்து, பட்டையை முதுகைச் சுற்றி மாட்டிக்கொள்ள வேண்டும். விசிறி காற்றில் உரசுவதால் ஹெலிகாப்டரில் மின்சாரம் சேர்ந்திருக்கும், அதனால் அது தரையைத் தொடும்வரை கை வைக்கக் கூடாது, வைத்தால் ஆளைத் தூக்கியடிக்கும். கை உடைந்து, பயத்தில், தாகத்தில் கிடக்கிற விமானிக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாராரெஸ்க்யூ ஆள் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கினால் இன்னும் சில நிமிடம்.

அப்புறம் வந்தது எச்எச்-3இ. ஜாலி கிரீன் ஜயன்ட் என்று செல்லப் பெயர், அந்தப் பச்சை வண்ணத்தையும் பருமனையும் பார்த்து, டப்பாக் காய்கறி விளம்பரத்தில் வரும் பச்சை ராட்சசன் பெயரையே வைத்துவிட்டார்கள். இரண்டு டர்பைன் எஞ்சின், முக்கியமான இடங்களில் டைட்டானியத் தகடு, குண்டு துளைத்தால் தானே அடைத்துக்கொள்ளும் தொட்டி, 70 மீட்டருக்கும் மேல் நீளும் வின்ச் கயிறு. உயரமான மரத்துக்கு மேல் நின்றபடியே ஆளைத் தூக்கலாம். எல்லாம் சரி, ஆனால் தூரம்? வட வியட்நாமுக்கு உள்ளே போய், தேடி, நின்று, தூக்கித் திரும்ப எந்தத் தொட்டியும் போதாது.

பறக்கும்போதே ஹெலிகாப்டருக்கு எரிபொருள் நிரப்பலாம் என்று மேஜர் ஹாரி டன் என்பவர் சொன்னபோது பலர் நம்பவில்லை. நம்பாததும் நியாயம்தான். எரிபொருள் கொடுக்கும் நான்கு எஞ்சின் ஹெர்குலிஸ் விமானம், இதற்கு மேல் மெதுவாகப் போனால் விழுந்துவிடும் என்கிற வேகத்துக்கு இறங்கி வர வேண்டும். பின்னால் வரும் ஹெலிகாப்டர் தன்னால் முடிந்த வேகத்தின் உச்சத்துக்கு ஏற வேண்டும். இரண்டும் சந்திக்கும் அந்த ஒரு சின்ன இடத்தில், தலைக்கு மேல் சுற்றும் விசிறியை ரப்பர் குழாயில் இடித்துவிடாமல், நீட்டிய குழலைக் கூடை போன்ற வாயில் கொண்டுபோய்ச் சொருக வேண்டும். 1965 டிசம்பரில் முதல் தடவை சொருகிப் பார்த்தார்கள், முடிந்தது. 1967 மே 31 அன்று இரண்டு எச்எச்-3இ நியூயார்க்கிலிருந்து கிளம்பி, வழியில் ஒன்பது தடவை எரிபொருள் வாங்கி, எங்கும் இறங்காமல் பாரிஸ் விமானக் கண்காட்சிக்குப் போய்ச் சேர்ந்தன. விமானி லிண்ட்பர்க் தனி ஆளாக நாற்பது வருடம் முன்பு அட்லாண்டிக்கைத் தாண்டிப் போன அதே பாதை. அவருக்கு 33 மணி நேரத்துக்கு மேல் ஆனது, இவர்களுக்கு 31 மணி நேரத்துக்குள்.

பாரிஸ் போனது நல்ல செய்தி. உண்மையான மாற்றம் வேறு இடத்தில் நடந்தது. அதுவரை தளத்தில் உட்கார்ந்து காத்திருந்த ஹெலிகாப்டர், இப்போது குண்டுவீச்சு நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வானத்தில் சுற்றிக்கொண்டு காத்திருக்க முடிந்தது. விழுந்தவரை எதிரி நெருங்குவதற்குள் போய்விடலாம். கூடவே ஸ்கைரெய்டர் விமானங்கள் போகும், வானொலியில் அவற்றின் பெயர் சாண்டி. புரொபெல்லர் வைத்த பழைய விமானம், ஜெட் வேகம் கிடையாது, அதனாலேயே ஹெலிகாப்டரோடு ஒட்டிப் பறக்க முடிந்தது. சாண்டி தாழப் பறந்து சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அடக்கிய பிறகுதான் ஜாலி உள்ளே வரும். இந்தப் போரில் அமெரிக்க விமானப்படையின் மீட்புக் குழுக்கள் காப்பாற்றியவர்கள் 3,883 பேர். அந்த வேலையில் இறந்த மீட்புப் படையினர் 71 பேர். முதல் எண்ணைப் படித்துவிட்டு இரண்டாவதைக் கடந்துபோக என்னால் முடிவதில்லை.

1972 ஏப்ரலில் நடந்த ஒரு சம்பவம் இந்தக் கணக்கை எல்லோர் முகத்துக்கு நேராகவும் நிறுத்தியது. ஏப்ரல் 2 அன்று குவாங் ட்ரி மாகாணத்துக்கு மேலே ஓர் ஈபி-66 விமானத்தை ஏவுகணை தாக்கியது. ஆறு பேரில் குதித்துப் பிழைத்தவர் ஐசீல் ஹாம்பிள்டன் மட்டும், வயது 53. அவர் இறங்கிய இடம், பெரும் படையெடுப்பாக வந்துகொண்டிருந்த வட வியட்நாம் படைகளின் நடுவில். அவரைத் தூக்கப் போன ஹெலிகாப்டர்களும் வழிகாட்டிய விமானங்களும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. ஏப்ரல் 6 அன்று எச்எச்-53 ஒன்று, ஜாலி கிரீன் 67, ஆறு பேரோடு எரிந்து விழுந்தது. எச்எச்-53 அன்று இருந்ததிலேயே பெரியது, பலமானது, கவசமும் சுழல் துப்பாக்கியும் கொண்டது. போதவில்லை. ஒருவருக்காகச் சுற்றிலும் 27 கிலோமீட்டர் தூரம் பீரங்கி சுடக்கூடாது என்று தடை போட்டதில், அதே இடத்தில் போராடிக்கொண்டிருந்த தென் வியட்நாம் வீரர்கள் பட்டபாடு தனி. அது சரியா என்று கேட்டால், இன்றும் என்னால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை.

இனி ஹெலிகாப்டர் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். எதிரி வானொலியை ஒட்டுக்கேட்பான் என்பதால், ஹாம்பிள்டனுக்குத் தெரிந்த கோல்ஃப் மைதானங்களின் பெயரைச் சொல்லி, அந்தக் குழிகளின் திசையையும் தூரத்தையும் வைத்து ஆற்றங்கரைக்கு நடக்கச் சொன்னார்கள். டாம் நாரிஸ் என்ற அமெரிக்கக் கடற்படை வீரரும், நுயென் வான் கியெட் என்ற தென் வியட்நாம் கடற்படை வீரரும் மீனவர் வேஷத்தில் ராத்திரி ஒரு படகில் போய், அவரைப் படகுக்குள் படுக்கவைத்து இலைதழையால் மூடிக் கொண்டுவந்தார்கள். பதினோரு நாள். அதற்குள் மீட்கப் போனவர்களில் பதினோரு பேர் இறந்திருந்தார்கள்.

அதன் பிறகு எல்லோரும் யோசித்தது இருட்டைப் பற்றி. பகலில் நின்றால் அடிக்கிறான், ராத்திரியில் நின்றால்? ராத்திரி நிற்க வேண்டுமென்றால் ராத்திரி பார்க்கத் தெரிய வேண்டும். எச்எச்-53-இல் வெப்பத்தைப் பார்க்கும் கேமரா, தரையின் மேடுபள்ளத்தைச் சொல்லும் ராடார், தான் இருக்கும் இடத்தைத் தானே கணக்கிடும் கருவி எல்லாம் வைத்துப் பேவ் லோ என்று செய்தார்கள். 1991 வளைகுடாப் போரில் ஜனவரி 21 அன்று அப்படி ஒரு பேவ் லோதான் ஈராக் பாலைவனத்தில் டெவன் ஜோன்ஸ் என்ற எஃப்-14 விமானியைத் தூக்கியது. கத்தியால் ஒரு குழி தோண்டி அதற்குள் மணிக்கணக்காக ஒளிந்திருந்தார் அவர். ஹெலிகாப்டர் நெருங்கும்போதே ஓர் ஈராக்கிய லாரியும் அவரை நோக்கி வந்துகொண்டிருந்தது. மேலே இருந்த ஏ-10 விமானங்கள் லாரியை அடித்தன, ஹெலிகாப்டர் அவருக்குப் பக்கத்தில் இறங்கியது, பாராரெஸ்க்யூ வீரர் கையசைத்துக் கூப்பிட்டார். இருட்டுக்காகச் செய்த எந்திரம், கடைசியில் பட்டப்பகலில் போய்த்தான் வேலையை முடித்தது.

அப்புறம் போஸ்னியா, செர்பியா என்று நிறைய உண்டு. 1999 மார்ச்சில் ரேடாரில் தெரியாது என்று சொன்ன எஃப்-117 விமானமே விழுந்து, அதன் விமானியை ராத்திரியோடு ராத்திரியாக எடுத்து வந்தார்கள். மற்ற நாடுகளுக்கும் இதே பாடுதான். 2015 நவம்பரில் துருக்கி சுட்ட ரஷ்ய விமானத்தின் ஆட்களைத் தேடிப் போன எம்ஐ-8 ஹெலிகாப்டர் சிரியாவில் அடிபட்டுத் தரையிறங்க வேண்டியதாயிற்று, அதில் ஒரு ரஷ்ய வீரர் இறந்தார்.

அமெரிக்காவில் பெரிய ஹெலிகாப்டர்களுக்குப் பிறகு பிளாக் ஹாக் என்ற நடுத்தர ஹெலிகாப்டரை மாற்றி எச்எச்-60ஜி பேவ் ஹாக் என்று வைத்துக்கொண்டார்கள். நல்ல வண்டி, ஆனால் காபின் சின்னது. தூரம் போக வேண்டும் என்பதால் அந்தச் சின்னக் காபினுக்குள்ளேயே கூடுதல் எரிபொருள் தொட்டியும் வைத்திருந்தார்கள். இதற்கு மாற்றாக 2006-இல் சினூக் என்ற பெரிய ஹெலிகாப்டரின் வகை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள், போட்டி நிறுவனங்கள் முறையிட்டன, 2009-இல் திட்டமே ரத்தானது. அத்தனை வருடமும் ஆப்கானிஸ்தானில் குண்டடி பட்டுப் பேவ் ஹாக்கில் ஏறியவர்கள், அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்துதான் வந்தார்கள். மருந்து ஏற்றும் ஆள் முட்டிபோட்டு, உடம்பைக் குறுக்கிக்கொண்டு வேலை செய்ய வேண்டும்.

2019 மே 17 அன்று எச்எச்-60டபிள்யூ முதல் தடவை பறந்தது. பெயர் மறுபடியும் ஜாலி கிரீன், இரண்டாவது. புதிய ரேடியோ, புதிய கருவிகள், எச்சரிக்கை அமைப்புகள் எல்லாம் இருக்கின்றன, அதையெல்லாம் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. நான் தேடிப் படித்தது எரிபொருள் பற்றிய ஒரே ஒரு வரி. வண்டியின் சொந்தத் தொட்டியை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிவிட்டார்கள். ஹார்மன் சுமந்துபோன கூடுதல் எரிபொருள், ஹஸ்கிக்காரர்கள் காலடியில் கட்டி வைத்த பீப்பாய், பேவ் ஹாக்கின் காபின் தொட்டி, இனி எதுவும் உள்ளே வேண்டாம். தொட்டி இருந்த இடம் இப்போது காலி. அங்கே ஸ்ட்ரெச்சரை நேராக வைத்து, மருந்து ஏற்றுபவர் பக்கத்தில் நிம்மதியாக முட்டிபோட்டு உட்காரலாம்.